எந்த இடத்தில் பிடித்தது?

“பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்வதெல்லாம் விமர்சனம் ஆகாது.” புதுச்சேரியில் எந்தப் புத்தக வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதை மைக்கில் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ சிற்றிதழ்களில் எழுதியவராகவோ இருப்பார். அழைப்பிதழிலேயே இந்தப் பாகுபாடு அச்சாகியிருக்கும். ‘வாசகர் பார்வை’ என்ற தலைப்பில் இரண்டு மூன்று பெயர்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். அதற்குக் கீழே ‘விமர்சன உரை’, ‘ஆய்வுரை’. அவர்களுக்கு நேரக் கணக்கே கிடையாது. வாசகர் பேசி முடித்ததும் தொகுப்பாளர் எழுந்து, “இது அவருடைய ரசனை அனுபவம். இனி நூலுக்குள் போவோம்” என்பார். அப்படியானால் அதுவரை பேசியவர் எங்கே நின்று பேசிக்கொண்டிருந்தாராம்?

நான் உப்பளத்துக்காரன். சுற்றுலா வருகிறவர்கள் படம் பிடிக்கும் மஞ்சள் சுவர் வீதிகள் எங்கள் பக்கம் இல்லை. விளையாட்டரங்கமும் பழைய துறைமுகமும் கழிவுநீர் வாய்க்காலும் இருக்கும் பக்கம். தமிழ் எம்.ஏ. படித்ததில்லை. கோட்பாடு எதிலும் தேர்ச்சி கிடையாது. ரோமன் ரோலன் நூலகத்தில் கிடைப்பது, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலில் அகப்படுவது, நண்பர்கள் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காதது என்று கதைப் புத்தகம் எதுவானாலும் படிப்பவன். மைக்கில் ஐந்து நிமிடம் வாங்கும் வகை ஆள். அந்தத் தகுதியிலிருந்தே சொல்கிறேன்: மேலே சொன்ன கருத்து தவறு. பேச்சளவில் மட்டும் தவறு என்றால் விட்டுவிடலாம். இன்றைய தமிழ்ப் புனைகதைக்கு அது நேரடியாகக் கேடு செய்கிறது.

இந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு, கௌரவமான வரலாறுதான். க.நா.சு. வாழ்நாளெல்லாம் நல்ல நாவல்களுக்குப் பட்டியல் போட்டார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று புத்தகத்துக்கே பெயர் வைத்தார். அந்த ரசனை வழி போதாது, படைப்பை அலச வேண்டும் என்று சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். ஈழத்து விமர்சகர் கைலாசபதி 1968இல் வந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலில், சமூகத்தையும் வர்க்கத்தையும் விட்டுவிட்டு நாவலை மதிப்பிட முடியாது என்று வாதிட்டார், க.நா.சு. பாணி ரசனை அவரிடம் செமத்தியாக அடி வாங்கியது. 1980களில் தமிழவன் வழியாக அமைப்பியல் வந்தது, பின்னாலேயே பின்நவீனத்துவமும் வந்தது. க.நா.சு.வுக்கு எதிராக வந்த, ஒருவரோடொருவர் எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: வாசகனுக்குப் பிடித்ததை நம்பக் கூடாது.

ஒரு வேடிக்கை. ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்ற முழக்கம் பிரெஞ்சுக்காரரான ரோலான் பார்த்திடமிருந்து வந்தது. அவர் அதைச் சொன்னதே வாசகன் பிறக்க வேண்டும் என்பதற்காக. 1973இல் பிரதி தரும் இன்பத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். நம்மவர்கள் சாவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு பிறப்பைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்.

கைலாசபதி வகையறாவின் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. க.நா.சு.வின் பட்டியல்களைப் பார்த்தால், இது நல்ல நாவல், அது இல்லை என்று இருக்கும். ஏன் என்று பல நேரம் இருக்காது. அதிலிருந்து பெற வேண்டிய முடிவு என்ன? காரணம் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் பிடித்தது, அங்கே என்ன நடக்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, உனக்குப் பிடிப்பதே பொருட்டில்லை என்று வாசகனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: புத்தகத்தில் இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் எனக்கு இப்படி ஆயிற்று என்று ஒருவர் காட்டினால் அது விமர்சனம். காட்டாவிட்டால், எத்தனை கோட்பாட்டாளர்களின் பெயர் சொன்னாலும் அது விமர்சனம் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் ஊரிலேயே நடக்கும் நாவல் ஒன்று. இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் க்ரியா வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த ரேவதி வீட்டை எதிர்த்துக்கொண்டு ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில வருஷங்களில், தீக்காயங்களோடு ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவிலும் அதன் வாசலிலும் நடக்கிறது. இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட குறை, எல்லாம் பேச்சு என்பது. சொன்னதையே சொல்கிறார்கள், புலம்பல் நிற்கவே மாட்டேன் என்கிறது, வெட்டியிருந்தால் கச்சிதமாக வந்திருக்கும் என்றார் ஒரு மேடைப் பேச்சாளர். வடிவ போதம் இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

கோரிமேட்டு ஜிப்மரில் நோயாளிக்குத் துணையாக இரவு தங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்தவர்கள் வராந்தாவில் போர்வை விரித்து, ஒயர் கூடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடப்பார்கள். உள்ளே விட மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். நர்ஸ் வேறு யார் பெயரையோ கூப்பிடுவார், திரும்ப உட்காருவார்கள். செய்வதற்கு அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் பேசுவார்கள். “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஆரம்பிப்பார் மாமா. “நீ சொல்லி யாரு கேட்டா” என்பாள் அத்தை. ஒரு மணி நேரம் கழித்து அதே மாமா, அதே வாக்கியம். புதிதாகச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் கிடையாது, ஏனென்றால் உள்ளேயிருந்து செய்தி வரவில்லை. இமையம் அந்தத் திரும்பத் திரும்பச் சொல்வதை வெட்டியிருந்தால் நாவல் கச்சிதமாகியிருக்கும், அந்த வாசல் காணாமல் போயிருக்கும். காத்திருப்பதன் வடிவமே அதுதான். தலைமையாசிரியரான அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது. மகளின் தோலுக்கு அது உதவாது. அந்தக் கையாலாகாத்தனம் பேச்சாகத்தான் கொட்டும், வேறு எப்படிக் கொட்டும்?

எனக்குப் பிடிக்காத இடமும் அதில் உண்டு. தலைப்பின் பொருளைப் பாத்திரங்களே வாய்விட்டு விளக்கும்போது எரிச்சல் வந்தது. வாசலில் உட்கார வைத்தாயிற்று, பிறகு எதற்கு விளக்கம்? இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் வாசிப்பு முழுசு. இதற்கு எந்தக் கோட்பாடும் எனக்குத் தேவைப்படவில்லை. ஜிப்மர் வராந்தாவைத் தெரிந்திருப்பதும் நாவலைப் பற்றிய அறிவுதான். அதைச் ‘சொந்த அனுபவம்’ என்று ஒதுக்கித் தள்ளுகிறவர், நாவலின் பாதியைத் தள்ளிவிடுகிறார்.

வம்பாகீரப்பாளையம் எங்களுக்குப் பக்கத்துக் குப்பம். அங்கே கடலுக்குப் போய் ஓய்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலில், கோத்ராப் பிள்ளையும் சூசையும் சிலுவையும் நடுக்கடலில் தத்தளிக்கும் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எந்த மாசம்னு போட்டிருக்கா தம்பி? வாடையா, சோழகமா? அதப் பொறுத்துத்தான் ஆளு எந்தப் பக்கம் ஒதுங்குவான்” என்றார். நீரோட்டம் வாடைக்காலத்தில் தெற்கே இழுக்கும், சோழகத்தில் வடக்கே இழுக்கும். மிதப்பவனின் தலையெழுத்து அதில் இருக்கிறது. இந்த நாவலைப் பற்றிப் பரதவர் வாழ்வின் ஆவணம், இனவரைவியல், விளிம்புநிலை என்று நிறையப் பேசியாயிற்று. மாதத்தைக் கேட்ட விமர்சகரை நான் பார்க்கவில்லை. பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் நாவலாசிரியர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

சரி, பயிற்சி பெற்ற நிபுணர்கள் கையில் விட்டால் தீர்ப்பு ஒரே மாதிரி வருமா என்றால் அதுவும் இல்லை. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இல் வந்தது. எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக நிராகரித்து எழுதினார். ஜெயமோகனோ முக்கியமான நாவல் என்று கருதி விரிவாக எழுதினார். இருவரும் நாவலாசிரியர்கள், ஊன்றிப் படிப்பவர்கள், ஆளுக்கு ஒரு கரையில் நின்றார்கள். பிறகு 2011இல் சாகித்ய அகாதெமி அதற்கே விருது கொடுத்தது. புறவயமான அளவுகோல் என்று ஒன்று எங்காவது பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இங்கே அதை வெளியே எடுத்திருக்கலாமே! எடுக்கவில்லை, ஏனென்றால் கிடையாது. இருந்தது இரண்டு வலுவான தனிப்பட்ட வாசிப்புகள். நான் படித்தபோது தாதனூர்க் களவுக்காரர்கள் இருட்டைத் தடவிக்கொண்டு போகும் பக்கங்களில் மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். அரசர்களும் படையெடுப்புகளும் வரிசையாக வரும் பக்கங்களில் கொட்டாவி விட்டேன். தகவல் கதையாக மாறாத இடத்தில் அத்தனை பெரிய புத்தகம் கையில் கனக்கத்தான் செய்யும். இதைச் சொல்ல எனக்கு எந்த நாற்காலியும் வேண்டாம்.

விமர்சனத்தின் கண்ணில் படாமலே போன புத்தகங்களின் கதை இன்னும் சங்கடமானது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளியானது. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் அதைச் சேர்க்காத ஆள் குறைவு. வந்த காலத்தில் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அதே ஆண்டுகளில்தான் முற்போக்கா, உருவமா என்று மேடைகளில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. மெடானும் பினாங்கும் மதுரையும் ஒரே மூச்சில் வரும் ஒரு நாவலை எந்த அளவுகோலில் வைப்பது என்று அளவுகோல்காரர்களுக்குத் தெரியவில்லை. பிடித்துப் போன சில வாசகர்கள் விடாமல் கைமாற்றினார்கள், சி. மோகன் போன்ற ஓரிருவர் அதை முதல் வரிசையில் வைத்து எழுதினார்கள். மெல்ல மெல்ல மறுபதிப்புக் கண்டது. அதன் பெயர் பரவலாகத் துலங்குவதற்குள் சிங்காரம் 1997இல் காலமாகிவிட்டார். ‘எனக்குப் பிடித்தது’ என்ற வெட்கமில்லாத வாக்கியம் காப்பாற்றிய நாவல் அது.

ஷோபாசக்தியிடம் வருகிறேன். ‘கொரில்லா’ 2001இல் வந்தது. பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்கும் விண்ணப்பத்தின் வடிவத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இதைப் போர் இலக்கியம், புலம்பெயர் இலக்கியம் என்ற அலமாரிகளில் வைத்தார்கள். புதுச்சேரிக்காரன் படித்தால் வேறொன்றும் கண்ணில் படும். 1962இல் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் சில ஆயிரம் பேர். பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் வீட்டை இன்றும் ‘சொல்தா வீடு’ என்பார்கள். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அந்த வீட்டுப் பிள்ளை பாரிசுக்குப் போக, அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தால் போதும். நாவலின் நாயகன் ராக்கிராஜுக்கோ அதே பாரிசில் தங்க, தன் உயிருக்கு ஆபத்து என்பதைத் தாள் தாளாக எழுதி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேரும் லா சப்பலில் அதே கடையில் கறிவேப்பிலை வாங்குவார்கள். ஒருவனுக்குத் தாத்தா விட்டுப்போன காகிதம், இன்னொருவனுக்கு எழுத எழுத நம்பப்படாத காகிதம். அந்த விண்ணப்ப நடையில் இருக்கும் சிரிப்பு எனக்கு ஏன் தொண்டையில் சிக்கியது என்றால் இதனால்தான். உப்பளத்தில் இருந்து படித்ததால் கிடைத்தது இது. இதை மேடையில் சொன்னால், “சுவாரசியமான பகிர்வு” என்று அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

ரமேஷ் பிரேதன் எங்கள் ஊர்க்காரர். அவர் நாவல்களில் பல பக்கங்கள் எனக்குப் புரிந்ததில்லை. மூடி வைக்கவும் முடிந்ததில்லை. அதுவும் ஓர் எதிர்வினைதான், மறைப்பானேன்? ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் தொடங்கி 2020இல் முடிந்தது, 26 நாவல்கள். நடுவில் இறங்கிக்கொண்டவன் நான். இறங்கிய இடத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை: யாரைப் பார்த்தாலும் தத்துவம் பேசத் தொடங்கியபோது.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. தனிப்பட்ட உணர்ச்சிதான் நீதிபதி என்றால், ‘மாதொருபாகன்’ படித்து மனம் புண்பட்டதாகச் சொன்னவர்களை என்ன செய்வீர்கள்? அவர்களும் இடத்தைக் காட்டினார்களே?

காட்டினார்கள், வாஸ்தவம். பெருமாள்முருகனின் அந்த நாவல் 2010இல் வந்தது. நான்கு வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த ‘அமைதிப் பேச்சு’க்குப் பிறகு எழுத்தாளர் தன்னையே செத்துப்போனவன் என்று அறிவித்தார். திருவிழா இரவு வரும் பக்கங்களை நகலெடுத்தவர்கள், அந்த இரவுக்கு முந்திய பன்னிரண்டு வருஷங்களை நகலெடுக்கவில்லை. குழந்தையில்லாத காளியையும் பொன்னாளையும் ஊரும் உறவும் விசேஷ வீடுகளில் எப்படி நடத்தின, மாமியார் வீட்டு முற்றத்தில் காளி நட்ட பூவரச மரம் தழைத்து நிற்பதைப் பார்க்கும்போது அவனுக்கு என்ன ஆகிறது, இதெல்லாம் அந்தத் தாள்களில் இல்லை. இடத்தைச் சொன்னார்கள், அந்த இடத்துக்கு நாவல் வந்து சேர்ந்த வழியைக் கிழித்துப்போட்டார்கள். அதற்கு வாசிப்பு என்று பெயரில்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பெருமாள்முருகனுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தபோது, பிடிக்காத புத்தகத்தை வாசகர் தூக்கிப்போட்டுவிடலாம் என்ற பொருளில் சொன்னது. அதாவது பிடிக்காமல் போகும் உரிமையை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. எழுதியவனை ஊரைவிட்டு விரட்டும் உரிமையைத்தான் மறுத்தது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்வார்கள்: ரசனையை நம்பினால் ரசிகமணி டி.கே.சி. கதைதான். அவர் தன் காதுக்கு ஒத்துவராத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களைத் திருத்தவும் செய்தார். சரியான குற்றச்சாட்டு. ஆனால் அவர் தப்பு ரசித்ததில் இல்லை. தனக்குப் பிடித்ததைக் கம்பன் எழுதியது என்றும், பிடிக்காததைக் கம்பன் எழுதவில்லை என்றும் சொன்னதில் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் பாடலை அதன் இடத்திலேயே விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கோட்பாட்டு விமர்சகர்கள் செய்வதும் இதேதான் என்பது என் புகார். தங்களுக்குப் பிடிக்காததை, ‘வரலாற்றுப் போதம் இல்லை’, ‘பிரதிக்குள் அரசியல் இல்லை’ என்று வேறு யாரோ சொன்னதுபோல் சொல்கிறார்கள். நான் என்ற சொல்லை ஒளித்துவைத்தால் அது புறவயம் ஆகிவிடுமா?

எல்லாவற்றையும் கலந்து படிப்பவனுக்குத் தராதரம் இல்லை என்பது இதே கருத்தின் வால். ராஜேஷ்குமாரையும் அம்பையையும் ஒரே வாரத்தில் படிக்கிறவன் நான். கொலையாளி யார் என்று தெரிந்ததும் எது செத்துவிடுகிறது, அம்பையின் கதையில் எல்லாம் தெரிந்த பிறகும் எது மிச்சம் நிற்கிறது என்பது இரண்டையும் படிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் பிரான்சைக் காட்டுவார்கள். அங்கே 1988இலிருந்து ‘கோன்கூர்’ பரிசுக்குப் பக்கத்தில் இன்னொரு பரிசும் இருக்கிறது. கோன்கூர் பட்டியலில் உள்ள நாவல்களைப் பள்ளி மாணவர்கள் படித்து, வகுப்பில் விவாதித்து, தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் ஆண்டில் கோன்கூர் நடுவர்கள் தேர்ந்தெடுத்த எரிக் ஓர்செனாவின் நாவலையே அவர்களும் தேர்ந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் வேறு நாவலைத் தேர்ந்தார்கள். பிரெஞ்சு இலக்கியம் அதனால் கெட்டுப்போகவில்லை. நம் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் 2018இல் மறைந்தபோது புதுவை அரசு மரியாதையோடு வழியனுப்பினோம். அவருடைய ‘வானம் வசப்படும்’ படித்து உனக்கு என்ன ஆயிற்று என்று நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளையையாவது கேட்டிருக்கிறோமா?

கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அழைப்பிதழில் ‘வாசகர் பார்வை’, ‘விமர்சன உரை’ என்று இரண்டு தலைப்புப் போடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுங்கள். பேச வருகிறவர் யாராக இருந்தாலும், பேராசிரியரானாலும் வம்பாகீரப்பாளையத்துப் பெரியவரானாலும், புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். பக்கத்தைத் திறந்து, இந்த இடம் என்று காட்டிவிட்டுப் பேசட்டும். காட்ட முடியாதவர் கேட்பவர் வரிசையில் உட்காரட்டும்.